நாட்டு நாயினக் காப்பும் மரபுவழிக் கண்நோய்களும்: தென்தமிழகச் சூழலில் ஒரு மரபியல் விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

நாய்களுக்கு வரும் கண்நோய்களுள் ஒரு பகுதி, பெற்றோரிடமிருந்து குட்டிகளுக்கு மரபணு வழியாகக் கடத்தப்படுவது. இந்நோய்களுள் பல ஒடுங்கு பண்பாக அமைவதால், நோயின் அறிகுறி சிறிதும் இல்லாத நாய்களே அவற்றை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசெல்கின்றன. கடந்த முப்பது ஆண்டுகளில் நாய்களின் கண்நோய்க்குக் காரணமான மரபணுக்கள் பல கண்டறியப்பட்டுள்ளன. அவற்றுள் சில மனிதர்களின் பார்வையிழப்புக்கு மருத்துவம் காணவும் வழிவகுத்தன. இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை முதலான தமிழக நாட்டு நாயினங்களைத் தூய்மையாகக் காக்கும் முயற்சி வலுப்பெற்றுவரும் இக்காலத்தில், அம்முயற்சியே மறைந்துள்ள ஒடுங்கு நோய்களை வெளிக்கொணரக்கூடும். கால்வழிப் பதிவு, கண் பரிசோதனை, மரபணுச் சோதனை ஆகிய மூன்றும் இணைந்தால்தான் இனக்காப்பு பயன் தரும் என்பதையும், கடத்தி நாய்களை முற்றாக விலக்குவது அதற்கு உகந்த வழியன்று என்பதையும் இக்கட்டுரை செட்டிநாட்டுப் பகுதியை முன்வைத்து விளக்குகிறது.

திறவுச் சொற்கள்

நாட்டு நாயினங்கள், மரபுவழிக் கண்நோய், விழித்திரைச் சிதைவு, ஒடுங்கு பண்பு, கடத்தி, உட்கலப்பு, கால்வழி, செட்டிநாடு.

முன்னுரை

தமிழர் வாழ்வில் நாய் நெடுங்காலமாக இடம்பெற்றுவரும் விலங்கு. சங்க இலக்கியம் அதனை ஞமலி, ஞாளி என்னும் பெயர்களாலும் சுட்டுகிறது. தொல்காப்பிய மரபியல் நாயின் இளமைப் பெயராகக் குருளை என்பதைக் கூறுகிறது. செட்டிநாட்டில் நகரத்தாரின் ஒன்பது கோயில்களுள் ஒன்றான வைரவன்கோயில் பிள்ளையார்பட்டிக்கு அருகில் அமைந்துள்ளது. வைரவரின் ஊர்தி நாய் என்பதால் இப்பகுதி மக்களின் வழிபாட்டு மரபிலும் நாய்க்கு இடம் உண்டு.

வழிபாட்டுக்கு அப்பால், தொழில்சார்ந்த பயன்பாடும் இங்கு உண்டு. சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களின் வறண்ட நிலங்களில் ஆட்டுக்கிடை போடும் கீதாரிகளுக்கு நாய் இரவுக் காவல் துணை. தோப்புகளிலும் ஒதுக்குப்புறமான வீடுகளிலும் காவலுக்கு நாய் வளர்ப்பது இன்றும் வழக்கில் உள்ளது. இத்தகைய நாய்க்கு மோப்பமும் செவியும் போலவே, மங்கிய ஒளியில் காணும் ஆற்றலும் இன்றியமையாதது. மரபுவழிக் கண்நோய்களுள் பரவலாக அறியப்பட்ட ஒன்று முதலில் தாக்குவது இந்த இரவுப் பார்வையையே. ஆகவே இந்நோய்களின் மரபியலை அறிவது வளர்ப்பவரின் வாழ்வியலோடும், தமிழக நாயினங்களின் எதிர்காலத்தோடும் தொடர்புடையதாகிறது.

மரபுவழிக் கண்நோய்களின் வகைகள்

ஒளி முதலில் கருவிழிப் படலத்தின் வழியே புகுந்து, கண்வில்லையால் குவிக்கப்பட்டு, விழித்திரையில் விழுகிறது. இப்பாதையின் எந்தப் பகுதியிலும் மரபுவழிக் குறை ஏற்படலாம். நாய்களில் நன்கு ஆராயப்பட்ட நோய்களைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

முதலாவது, படிப்படியான விழித்திரைச் சிதைவு. விழித்திரையில் குச்சிச் செல்கள், கூம்புச் செல்கள் என இருவகை ஒளியுணர் செல்கள் உள்ளன. குச்சிச் செல்கள் மங்கிய ஒளியிலும், கூம்புச் செல்கள் நல்ல ஒளியிலும் காண உதவுகின்றன. இந்நோயின் பெரும்பாலான வடிவங்களில் குச்சிச் செல்களே முதலில் அழிகின்றன. எனவே தொடக்கத்தில் நாய்க்கு மாலைக்கண் ஏற்படுகிறது. அந்தி நேரத்தில் படியிறங்கத் தயங்குதல், இருளில் பொருள்மீது மோதுதல் ஆகியன முதல் அறிகுறிகள். பின்னர்க் கூம்புச் செல்களும் அழிந்து முழுப் பார்வையிழப்பு நேர்கிறது. இந்நோயில் வலி இல்லை. பழகிய வீட்டில் நாய் தன் மோப்பத்தாலும் நினைவாற்றலாலும் நடமாடுவதால், நோய் முற்றும்வரை வளர்ப்பவர் அதனை உணராமல் இருப்பதுண்டு.

இரண்டாவது, மரபுவழிக் கண்புரை. கண்வில்லை தன் தெளிவை இழந்து வெண்மையாவது கண்புரை. முதுமையாலும் நீரிழிவாலும் வருவது ஒருபுறமிருக்க, இளம் வயதிலேயே இரு கண்களிலும் தோன்றும் கண்புரை பெரும்பாலும் மரபுவழிப்பட்டது. மூன்றாவது, கண்வில்லை இடம்பெயர்தல். வில்லையைத் தாங்கும் நுண்ணிழைகள் அறுந்து, அது முன்னோ பின்னோ நகர்கிறது. இதனால் கண் அழுத்தம் உயர்ந்து கடும் வலியும் குருடும் ஏற்படலாம். நான்காவது, கோலி நாய்களின் பெயரால் அறியப்படும் பிறவிக் கண் வளர்ச்சிக் குறை. இதில் விழித்திரைக்கு அடியிலுள்ள இரத்தநாளப் படலம் சரிவர உருவாவதில்லை.

மேற்கண்டவற்றைப் பிற காரணங்களால் வரும் பார்வையிழப்பிலிருந்து பிரித்தறிவது ஆய்வின் முதற்படி. தமிழகத்தில் உண்ணிகளால் பரவும் எர்லிக்கியா நோய் கண்ணின் உட்பகுதியில் அழற்சியையும் இரத்தக்கசிவையும் உண்டாக்கும். நாய்களின் டிஸ்டெம்பர் வைரசும் விழித்திரையைத் தாக்கும். இவற்றை விலக்காமல் ஒரு நாயை மரபுவழி நோயாளி எனக் குறித்தால், அடுத்து வரும் மரபணு ஆய்வு முழுவதும் வழிதவறும்.

ஒடுங்கு பண்பும் கடத்தியும்

நாயின் உடற்செல் ஒவ்வொன்றிலும் 78 குரோமோசோம்கள், அதாவது 39 இணைகள் உள்ளன. ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரு படிகளாக அமைகிறது. ஒடுங்கு நோயில், இரு படிகளும் பழுதுற்றால்தான் நோய் தோன்றும். ஒரு படி மட்டும் பழுதாக இருந்தால், நல்ல படியே போதுமான புரதத்தை உருவாக்கிவிடும். அத்தகைய நாய் வாழ்நாள் முழுவதும் தெளிவாகக் காணும். ஆயினும் தன் குட்டிகளுள் பாதியளவுக்குப் பழுதான படியைக் கொடுக்கும். இதுவே கடத்தி எனப்படுகிறது.

இரு கடத்திகள் இணைந்தால், சராசரியாக நான்கில் ஒரு குட்டி நோயுடனும், இரண்டு குட்டிகள் கடத்திகளாகவும், ஒரு குட்டி முற்றிலும் நலமாகவும் பிறக்கும். கடத்தியும் நலமான நாயும் இணைந்தால், குட்டிகளுள் பாதி கடத்திகளாகலாம். ஆனால் நோயுள்ள குட்டி ஒன்றும் பிறவாது. இவ்வேறுபாடு இக்கட்டுரையின் பிற்பகுதிக்கு அடிப்படையாகும்.

கடத்திகளின் எண்ணிக்கை பலரும் கருதுவதைவிட மிகுதியானது. இணைசேர்தல் தற்செயலாக நிகழும் ஒரு கூட்டத்தில், நூற்றில் ஒரு நாய்க்கு ஒடுங்கு நோய் உள்ளதெனக் கொள்வோம். அங்குப் பழுதான படியின் விகிதம் பத்தில் ஒன்று. எனவே கடத்திகள் நூற்றுக்கு 18. நோயாளியை மட்டும் இனப்பெருக்கத்திலிருந்து விலக்கினால், இப்பதினெட்டும் எஞ்சி நிற்கும். கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முறை ஒடுங்கு நோயை ஒழிக்க இயலாமைக்கு இதுவே காரணம்.

உட்கலப்பு இந்நிலையை மேலும் தீவிரமாக்குகிறது. நல்ல உடலமைப்புடைய ஓர் ஆண் நாய் பலராலும் விரும்பப்பட்டு, அறுபது குட்டிகளுக்குத் தந்தையாகிறது என்று கொள்வோம். அது கடத்தியாக இருந்தால் ஏறத்தாழ முப்பது குட்டிகள் கடத்திகளாகும். அவற்றின் தாய்கள் அனைத்தும் நலமானவை எனக் கொண்டாலும், அக்குட்டிகளுள் தந்தைவழி உடன்பிறப்புகள் இரண்டு இணைந்தால், பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வரும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. அதே ஆண் நாயை அதன் மகளோடு இணைத்தால் அவ்வாய்ப்பு எட்டில் ஒன்று. விரும்பத்தக்க பண்புகளை நிலைநிறுத்தும் அதே இணைப்பு, விரும்பத்தகாத படிகளையும் ஒன்றுசேர்க்கிறது.

இன்னொரு சிக்கல் காலம் தொடர்பானது. விழித்திரைச் சிதைவின் சில வடிவங்கள் நாயின் நடுவயதில்தான் வெளிப்படுகின்றன. அதற்குள் அந்நாய் பலமுறை ஈன்றிருக்கும் அல்லது பல ஈற்றுகளுக்குத் தந்தையாகியிருக்கும். நோய் தெரியவரும்போது அதன் மரபணு இரண்டு மூன்று தலைமுறைகளைக் கடந்திருக்கும்.

மரபணுக்களைக் கண்டறிந்த வரலாறு

விழித்திரைச் சிதைவு நாய்களில் முதன்முதலாக 1911ஆம் ஆண்டு சுவீடனைச் சேர்ந்த மாக்னுசன் என்பவரால் கார்டன் செட்டர் இனத்தில் விளக்கப்பட்டது. நெருங்கிய உறவு இணைப்போடு அந்நோய்க்குள்ள தொடர்பை அவர் அப்போதே கருத்திற்கொண்டார். அதன்பின் பல பத்தாண்டுகள்வரை, ஐயத்துக்குரிய நாயை நோயுள்ள நாயோடு இணைத்து, பிறக்கும் குட்டிகளைப் பரிசோதித்தே கடத்தியைக் கண்டறிய வேண்டியிருந்தது. இம்முறை காலத்தைத் தின்பது. நோயுள்ள குட்டிகளை வேண்டுமென்றே பிறப்பிப்பது.

1993ஆம் ஆண்டு ஐரிஷ் செட்டர் இனத்தில் பி.டி.இ.6பி என்னும் மரபணுவில் சடுதிமாற்றம் கண்டறியப்பட்டது. நாயின் விழித்திரைச் சிதைவுக்கான மரபணுக் காரணம் மூலக்கூறு அளவில் நிறுவப்பட்டது அதுவே முதன்முறை. அது முதல் ஒரு துளி இரத்தத்தைக் கொண்டே கடத்தியை அறிய முடிந்தது.

2005ஆம் ஆண்டு டாஷா என்னும் பாக்சர் இனப் பெண் நாயின் முழு மரபணுத்தொகுதி வரிசை வெளியிடப்பட்டது. ஏறத்தாழ 240 கோடி கார இணைகளைக் கொண்ட அவ்வரிசை ஆய்வாளர்களுக்கு ஒரு வரைபடமாயிற்று. அவ்வாய்வு வெளிப்படுத்திய ஒரு பண்பு இங்குக் குறிப்பிடத்தக்கது. ஓரினத்துக்குள் குரோமோசோமின் நீண்ட பகுதிகள் சிதையாமல் தலைமுறை தலைமுறையாக ஒன்றாகவே கடத்தப்படுகின்றன. சில முன்னோர்களிலிருந்து அண்மைக் காலத்தில் இனம் உருவாக்கப்பட்டதே இதற்குக் காரணம். எனவே மனிதரில் பெருந்தொகையானோரை ஆராய்ந்து அறியவேண்டிய ஒன்றை, ஒரே இனத்தைச் சேர்ந்த நோயுள்ள சில பத்து நாய்களையும் நலமான சில பத்து நாய்களையும் ஒப்பிட்டு அறிய முடிகிறது. அதே வேளையில், நோய்க்குரிய பகுதி மிக நீண்டதாக அமைவதால், அதற்குள் உண்மையான மரபணுவைச் சுட்டுவது கடினமாகிறது. ஒரே நோயுடைய பல இனங்களை ஒப்பிட்டு, அவை அனைத்துக்கும் பொதுவான குறுகிய பகுதியைக் காண்பது இதற்குத் தீர்வு.

இந்த ஒப்பீட்டு முறையின் சிறந்த விளைவு 2006ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட பி.ஆர்.சி.டி. மரபணு. லாப்ரடார், காக்கர் ஸ்பேனியல், பூடில் முதலான பல இனங்களில் ஒரே சடுதிமாற்றம் விழித்திரைச் சிதைவை உண்டாக்குவது நிறுவப்பட்டது. 54 அமினோ அமிலங்களே கொண்ட ஒரு சிறு புரதத்தின் இரண்டாம் இடத்தில் சிஸ்டீனுக்கு மாற்றாகத் டைரோசின் அமைவதே அதன் காரணம். அதே 2006இல் ஸ்டாஃபர்ட்ஷயர் புல் டெரியர், பாஸ்டன் டெரியர் இனங்களின் இளவயதுக் கண்புரைக்கு எச்.எஸ்.எஃப்.4 மரபணு காரணமென அறியப்பட்டது. 2007இல் கோலி நாய்களின் பிறவிக் கண் குறைக்கு என்.எச்.இ.ஜே.1 மரபணுவில் ஏறத்தாழ 7,800 கார இணைகள் நீங்கியிருப்பது கண்டறியப்பட்டது. 2010இல் டெரியர் வகை நாய்களின் கண்வில்லை இடப்பெயர்வுக்கு ஏ.டி.ஏ.எம்.டி.எஸ்.17 மரபணு காரணமெனத் தெரியவந்தது.

நாயிலிருந்து மனிதருக்கு

நாயின் கண்நோய் ஆய்வு விலங்கு மருத்துவத்தோடு நின்றுவிடவில்லை. பி.ஆர்.சி.டி. மரபணுவைக் கண்டறிந்த ஆய்வாளர்கள், விழித்திரை நோயுள்ள வங்கதேச மனிதர் ஒருவரிடமும் அதே சடுதிமாற்றத்தைக் கண்டனர். ஒரே எழுத்துப் பிழை இரு உயிரினங்களிலும் ஒரே நோயை விளைவித்தது.

இதனினும் பெரிய விளைவு பிரியார்ட் இன நாய்களின் வழியாக வந்தது. பிறவியிலேயே இரவில் பார்வையற்ற பிரியார்ட் நாய்கள் சுவீடனில் 1980களின் இறுதியில் விளக்கப்பட்டன. ஆர்.பி.இ.65 மரபணுவில் நான்கு கார இணைகள் நீங்கியமையே காரணம் என்பது 1998இல் வெளிப்பட்டது. இம்மரபணு உருவாக்கும் புரதம், வைட்டமின் ஏ-யை ஒளியுணர் செல்கள் பயன்படுத்தத்தக்க வடிவத்துக்கு மாற்றும் நொதி. தமிழர் நன்கறிந்த மாலைக்கண் நோய் உணவில் வைட்டமின் ஏ குறைவதால் வருவது. பிரியார்ட் நாயிலோ உணவில் அச்சத்து இருந்தும், அதனைப் பயன்படுத்தும் வழி அடைபட்டிருக்கிறது. ஆகவே கீரையும் ஈரலும் மாத்திரையும் அந்நாய்க்குப் பயன்தரா. வெளித்தோற்றத்தில் ஒன்றாகத் தெரியும் இரு மாலைக்கண்களைப் பிரித்துக்காட்டியது மரபணு ஆய்வே.

2001ஆம் ஆண்டு நல்ல ஆர்.பி.இ.65 மரபணுவைத் தீங்கற்ற வைரசு ஒன்றில் ஏற்றி, இத்தகைய நாய்களின் விழித்திரைக்கு அடியில் செலுத்தியபோது அவை பார்வை பெற்றன. லான்சிலாட் என்னும் நாய் அவற்றுள் புகழ்பெற்றது. அடுத்த சில ஆண்டுகளில் அதே மரபணுக் குறையால் பிறவியிலேயே பார்வை குன்றிய மனிதர்களிடம் இம்மருத்துவம் சோதிக்கப்பட்டது. 2017 டிசம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதற்கு ஒப்புதல் அளித்தது. மரபுவழி நோய் ஒன்றுக்கு நேரடியாக உடலில் மரபணுவைச் செலுத்தும் மருத்துவங்களுள் அமெரிக்காவில் முதலில் ஒப்புதல் பெற்றது இதுவே.

தமிழகத்தில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை (1976), சென்னை சங்கர நேத்ராலயா (1978) ஆகிய நிறுவனங்களின் ஆய்வுப் பிரிவுகள் மனிதரின் மரபுவழி விழித்திரை நோய்களை ஆராய்ந்துவருகின்றன. உறவுமுறைத் திருமணம் வழக்கிலுள்ள தென்னிந்தியாவில் ஒடுங்கு நோய்கள் பற்றிய ஆய்வு தனிமுதன்மை பெறுகிறது. கால்நடை மருத்துவமும் மனிதக் கண் மருத்துவமும் ஒரே மரபணுக்களை ஆராய்வதால், இவ்விரு துறைகளும் கருவிகளையும் அறிவையும் பகிர்ந்துகொள்வதற்கு அறிவியல் அடிப்படை உள்ளது.

தமிழக நாட்டு நாயினங்களின் நிலை

இராசபாளையம் விருதுநகர் மாவட்டத்து ஊரின் பெயரையும், கோம்பை தேனி மாவட்டத்து ஊரின் பெயரையும் தாங்கிய இனங்கள். சிப்பிப்பாறையும் ஊர்ப்பெயரால் அமைந்ததே. சிப்பிப்பாறையும் கன்னியும் மெலிந்த உடலும் நீண்ட காலும் கொண்டு, பார்வையால் இரையைத் துரத்தும் வேட்டை நாய்கள். ஆகவே கண்ணின் நலம் இவ்வினங்களின் இயல்போடு ஒன்றியது.

இவற்றைக் காக்கும் முயற்சிகள் அரசளவிலும் நிகழ்ந்துள்ளன. தமிழ்நாடு கால்நடை பராமரிப்புத் துறை 1980களின் தொடக்கத்தில் சென்னை சைதாப்பேட்டையில் நாய் இனப்பெருக்கப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாயினத் தபால்தலைகளுள் இராசபாளையமும் ஒன்று. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகம் இராசபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் இனங்களாகப் பதிவுசெய்துள்ளது. 2020 ஆகஸ்டில் பிரதமரின் வானொலி உரையில் நாட்டு நாயினங்கள் பெயர் சுட்டிப் பேசப்பட்டபின் அவற்றின் குட்டிகளுக்கான தேவை பெருகியது.

இவ்விடத்தில்தான் சிக்கல் எழுகிறது. ஓரினத்தின் தேவை திடீரென உயரும்போது, கையிலுள்ள சில நல்ல நாய்களைக் கொண்டே விரைந்து பெருக்க நேர்கிறது. நிறமும் உருவமும் இனத்தின் அடையாளமாக வரையறுக்கப்படுவதால், அவ்வரையறைக்குள் அடங்கும் நாய்களே மீண்டும் மீண்டும் இணைக்கப்படுகின்றன. ஊர்ப்புறத்தில் பல தலைமுறையாகத் தடையின்றிக் கலந்துவந்த மரபணுத் தொகுதி சுருங்குகிறது. ஐரோப்பிய இனங்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நேர்ந்ததே இது. அவற்றின் கண்நோய்ப் பட்டியல் நீண்டதற்குக் காரணம், அவை இயல்பிலேயே நோய் மிகுந்தவை என்பதன்று. குறைந்த முன்னோர்களைக் கொண்டு இனம் மூடப்பட்டதே காரணம்.

நிறத்தேர்வின் பக்கவிளைவுக்கு இராசபாளையம் இனத்தோடு தொடர்புடைய சான்று ஒன்று உண்டு. இவ்வினத்தில் பிறவிச் செவிட்டுத்தன்மை வளர்ப்பவர்களிடையே நன்கு அறியப்பட்டது. நிறமிச் செல்கள் தோலுக்கு நிறம் தருவதோடு, உட்செவியின் இயக்கத்துக்கும் தேவைப்படுகின்றன. முழு வெண்மையைத் தேர்ந்தெடுக்கும்போது, நிறமிச் செல்கள் செவியை அடையாத குட்டிகளும் தோன்றக்கூடும். டால்மேசியன் இனத்தில் வெண்மை மிகுதி, நீலக்கண், செவிட்டுத்தன்மை ஆகிய மூன்றுக்கும் உள்ள தொடர்பு நிறுவப்பட்டுள்ளது. பளிங்குக் கலவை நிறத்தைத் தரும் மெர்ல் என்னும் மரபணு மாற்றத்தை இரு படிகளாகப் பெற்ற நாய்களில் செவிட்டுத்தன்மையும் சிறுத்த கண்களும் காணப்படுகின்றன. தோற்றத்துக்கான தேர்வு புலன்களைப் பாதிக்கக்கூடும் என்பதை இச்சான்றுகள் உணர்த்துகின்றன.

மரபணுச் சோதனையின் எல்லைகள்

கன்னச் சுரண்டல் மாதிரியைக் கொண்டு பல சடுதிமாற்றங்களை ஒரே நேரத்தில் சோதிக்கும் வணிகமுறைச் சோதனைகள் இன்று கிடைக்கின்றன. காரைக்குடி போன்ற நகரங்களில் வளர்க்கப்படும் லாப்ரடார், பூடில், கோல்டன் ரெட்ரீவர் முதலான அயல் இனங்களுக்கு இவை நேரடியாகப் பயன்படும். ஆயினும் முடிவைப் பொருள்கொள்வதில் எச்சரிக்கை தேவை. ஒரு சோதனை ஒரு குறிப்பிட்ட சடுதிமாற்றம் உண்டா இல்லையா என்பதை மட்டுமே கூறும். எடுத்துக்காட்டாக, கோல்டன் ரெட்ரீவர் இனத்தில் பி.ஆர்.சி.டி., எஸ்.எல்.சி.4ஏ3, டி.டி.சி.8 என மூன்று வெவ்வேறு மரபணுக்கள் விழித்திரைச் சிதைவை உண்டாக்குவது அறியப்பட்டுள்ளது. ஒன்றில் நலம் என வந்த நாய் மற்றொன்றால் பார்வையிழக்கலாம்.

நாட்டு நாயினங்களுக்கு இவ்வெச்சரிக்கை மேலும் பொருந்தும். அயல் இனங்களை ஆராய்ந்து உருவாக்கிய சோதனைப் பட்டியலில் ஒரு சிப்பிப்பாறை நாய் எல்லா நோய்களிலும் நலம் என வரலாம். அதன் பொருள், அந்த அயல் சடுதிமாற்றங்கள் அதனிடம் இல்லை என்பது மட்டுமே. நாட்டினத்துக்கே உரிய சடுதிமாற்றம் ஒன்று இருந்தால், அப்பட்டியல் அதனைக் காட்டாது. அதே வேளையில், அயல் இனக் கலப்பு நிகழ்ந்த நாய்களில் அயல் சடுதிமாற்றம் காணப்படவும் கூடும். கோலி நாய்களின் கண் குறைக்குக் காரணமான அதே மரபணு நீக்கம் நீள்முடி விப்பெட் என்னும் வேட்டை நாயினத்திலும் கண்டறியப்பட்டது. ஆகவே சோதனை முடிவு கண் பரிசோதனைக்கு மாற்றாகாது.

கடத்தியை விலக்குவதா, இணையைத் தேர்வதா

சோதனையில் கடத்தி எனத் தெரிந்த நாயை இனப்பெருக்கத்திலிருந்து நீக்கிவிட வேண்டும் என்பது பலரும் இயல்பாக எண்ணும் தீர்வு. சிறிய இனங்களில் இது தீங்கு விளைவிக்கும். நூறு நாய்களில் நான்குக்கு நோய் இருந்தால், பழுதான படியின் விகிதம் ஐந்தில் ஒன்று, கடத்திகள் 32. நோயாளிகளையும் கடத்திகளையும் சேர்த்து நீக்கினால் 36 நாய்களின் மரபுவளம் ஒரே தலைமுறையில் இழக்கப்படும். எஞ்சிய 64 நாய்கள் தமக்குள் மேலும் நெருங்கி இணைய நேரும். ஒரு கண்நோய் நீங்கும் இடத்தில், இதுவரை அரிதாக மறைந்திருந்த வேறோர் ஒடுங்கு நோய் மேலெழும்.

மாற்றுவழி எளியது. கடத்தியை நலமான நாயோடு மட்டும் இணைத்தால் நோயுள்ள குட்டி பிறவாது என்பது முன்னர்க் கூறப்பட்டது. அக்குட்டிகளைச் சோதித்து, உடலமைப்பும் குணமும் ஒத்திருக்குமிடத்தில் நலமான குட்டியை அடுத்த தலைமுறைக்குத் தேர்ந்தெடுக்கலாம். இவ்வாறு சில தலைமுறைகளில் பழுதான படியின் விகிதம் குறையும்; நாயின் பிற நற்பண்புகள் இழக்கப்படா. மரபணுச் சோதனையின் உண்மையான பயன், விலக்கவேண்டிய நாயைக் காட்டுவதைவிட, தவிர்க்கவேண்டிய இணையைக் காட்டுவதே.

செட்டிநாட்டுச் சூழலில் செய்யத்தக்கவை

இத்தகைய பணிக்குப் பெருநகரங்களையே சார்ந்திருக்கவேண்டியதில்லை. காரைக்குடியில் 1985ஆம் ஆண்டு நிறுவப்பட்ட அழகப்பா பல்கலைக்கழகத்தில் உயிர்த் தகவலியல் துறையும் விலங்கு நலம் மற்றும் மேலாண்மைத் துறையும் உள்ளன. குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம் இயங்குகிறது. மரபணு வரிசையைப் படிக்கும் பணியை வெளி ஆய்வகங்களில் செய்துகொண்டாலும், மாதிரி திரட்டுதல், கால்வழி வரைதல், தரவைப் பகுத்தாய்தல் ஆகியவற்றை உள்ளூரிலேயே மேற்கொள்ள இயலும். ஒடுங்கு நோயின் மரபணுவைத் தேட சில பத்து நாய்கள் போதும் என்பது, இதனை ஓர் ஆய்வேட்டு அளவிலேயே செய்யத்தக்க பணியாக்குகிறது.

இப்பணியின் முதல் தேவை கால்வழிப் பதிவு. செட்டிநாட்டு மக்களுக்குக் கால்வழிப் பதிவு புதிதன்று. நகரத்தார் கோயில்களில் திருமணமான ஒவ்வோர் இணையையும் ஒரு புள்ளியாகப் பதிவுசெய்யும் முறை நெடுங்காலமாக நிலவுகிறது. பதிவின் மதிப்பை உணர்ந்த இத்தகைய சூழலில், வளர்ப்பு விலங்குகளுக்கும் தாய், தந்தை, பிறந்த நாள், ஈற்றின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்துவைக்கும் பழக்கத்தை வளர்ப்பது கடினமன்று. 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை தொடர்பான மைய அரசு விதிகளும் இனப்பெருக்குவோர் பதிவுபெறுவதையும் பதிவேடு பேணுவதையும் வலியுறுத்துகின்றன.

இரண்டாவது, கண் பரிசோதனை. பாவையை விரிக்கும் சொட்டு மருந்திட்டு விழித்திரையைக் காண்பது கால்நடை மருத்துவர் செய்யத்தக்க எளிய சோதனை. கோலி நாய்களுக்குரிய பிறவிக் குறையை ஐந்து முதல் எட்டு வார வயதிலேயே தெளிவாகக் காணலாம். பின்னர் நிறமி படிந்து சில கண்களில் அது மறைந்துவிடும். விழித்திரைச் சிதைவோ வயது ஏற ஏறவே தெரியும். ஆகவே குட்டிப் பருவத்தில் ஒருமுறையும், இனப்பெருக்கத்துக்கு முன் ஒருமுறையும், அதன்பின் ஆண்டுக்கொருமுறையும் காண்பது தக்கது. மூன்றாவது, மாதிரிச் சேமிப்பு. நோயுற்ற நாயின் இரத்த மாதிரியோடு அதன் பெற்றோர், உடன்பிறப்புகளின் மாதிரியும் இருந்தால்தான் மரபணுவைத் தேட முடியும். நாய் இறந்தபின் அவ்வாய்ப்பு மீளாது.

முடிவுரை

நாய்களின் மரபுவழிக் கண்நோய் ஆய்வு, 1911இல் ஓரினத்தின் பார்வையிழப்பை விளக்கியதில் தொடங்கி, 2017இல் மனிதருக்கான மருத்துவம் வரை வளர்ந்துள்ளது. இதனால் அறியப்படுவன பின்வருமாறு.

• நாயின் மரபுவழிக் கண்நோய்கள் பல ஒடுங்கு பண்புகள். நோயாளியை விலக்குவதால் மட்டும் அவை நீங்கா. கடத்திகளை அறிவது இன்றியமையாதது.

• நாட்டினங்களைக் குறைந்த நாய்களைக் கொண்டு விரைந்து பெருக்குவது, காக்கவேண்டிய இனத்தின் கண்ணையே இழக்கச்செய்யும் வழியாகலாம்.

• அயல் இனங்களுக்குரிய சோதனைகளை நாட்டினங்களுக்கு அப்படியே பொருத்துவது போதாது. கண் பரிசோதனையும் கால்வழிப் பதிவும் அடித்தளமாக வேண்டும்.

• கடத்தி நாய்களை ஒதுக்காமல், நலமான நாய்களோடு இணைப்பதே சிறிய இனங்களின் மரபுவளத்தைக் காக்கும் முறை.

இனத்தூய்மை என்பது நிறத்தையும் உருவத்தையும் மட்டும் குறிப்பதாக அமையுமானால், அந்தியில் ஆட்டுக்கிடையைச் சுற்றிவர இயலாத ஒரு சிப்பிப்பாறையும் தூய இனமாகவே கருதப்படும். பார்வையும் செவியும் இனத்தின் வரையறைக்குள் சேர்க்கப்படும்போதே நாட்டு நாயினக் காப்பு நிறைவுபெறும்.